நல்ல பிள்ளை பாட்டில்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சொட்டு என்று பெயர். கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் இறக்கி, தண்ணீரின் நிறம் மாறுகிற அந்தக் கணத்தில் குழாயை மூட வேண்டும். அங்கே பாதி வேலை அதுதான். ஒரு சொட்டு கூடிப்போனால் மற்றவர்கள், "விடுப்பா, ஒரு சொட்டுதானே" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் குடுவையைக் கொட்டிக் கழுவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பட்டப்பெயர் இரண்டு பஸ் மாறி வீடு வரை வந்துவிட்டது. கட்டிய கணவனும் சொட்டு என்றுதான் கூப்பிடுகிறான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு சொல்லில் கோட்டை விட்டாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளே நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடிதம் வந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் பேட்டரி ஆலை, சுற்றுச்சூழல் அலுவலர் வேலைக்கு அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி, புதிதாகச் செய்து விற்கிற ஆலை. வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பு உண்டு. வேலை முடிந்து பத்து நிமிடத்தில் வீட்டில் இருக்கலாம். இப்போது மகள் எழுவதற்கு முன் கிளம்பி, மகள் தூங்கிய பிறகு திரும்புகிறாள். போன மாதம் பள்ளியில் 'என் அம்மா' என்று ஐந்து வரி எழுதச் சொன்னார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள், "என் அம்மா ஞாயிற்றுக்கிழமை வருவார்" என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதற்குச் சரி போட்டிருந்தார். அந்தச் சிவப்பு மைக் குறியைப் பார்த்த நாளிலிருந்து சொட்டுக்கு வேறு வேலை வேண்டும், உடனே வேண்டும்.

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. அதன் கடைசிக் கேள்வி: 'எங்கள் நிறுவனத்தின் விழுமியங்களில் உங்களைக் கவர்ந்தது எது?' ஐந்து வரி எழுத இடம், அதற்குக் கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"விழு... மியங்கள். அப்படின்னா? விழுங்குறதுக்கு ஏதாவது குடுப்பாங்களா?"

"கொள்கை மாதிரிங்க. எதைப் பெரிசா மதிக்கிறாங்கன்னு அர்த்தம்."

"அதை ஏன் உன்னைக் கேக்குறாங்க? அவங்களுக்கே தெரியாதாமா?"

"விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு வான்னு சொல்றாங்க."

"உன்னையா விசாரிக்கச் சொல்றாங்க? பாவம், வினையை விலை குடுத்து வாங்குறாங்க" என்று சிரித்தான்.

அவன் சிரித்து முடிப்பதற்குள் போன் வந்தது. ஆலையின் மனிதவள மேலாளர். தேனில் ஊறப்போட்டு எடுத்த குரல்.

"கடிதம் கிடைச்சுதா மேடம்? நேர்காணல் எல்லாம் சும்மா பேருக்குத்தான். உங்களை எங்களுக்கு நல்லாவே தெரியும். உங்க கையெழுத்து எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் மனப்பாடம்."

"என் கையெழுத்தா சார்?"

அந்தப் பக்கம் மெல்லிய சிரிப்பு. செவ்வாய்க்கிழமை பார்ப்போம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"விண்ணப்பத்துல போட்டிருப்பே" என்றான் கணவன்.

அவள் விண்ணப்பத்தைக் கணினி வழியாக அனுப்பியிருந்தாள். அதில் கையெழுத்தே கிடையாது. கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஆலையின் இணையதளத்தில் எங்கு பார்த்தாலும் பச்சை. மரக்கன்றைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை சிரித்தது. நேர்மை, அக்கறை, தூய்மை என்று தொடங்கி ஐந்து விழுமியங்கள் வரிசையாக நின்றன. யாராவது 'எங்கள் விழுமியம் திருட்டு' என்று போடுவார்களா என்ன? அவள் அதையெல்லாம் தள்ளிவிட்டு எண்களைத் தேடினாள். எண்கள் இருக்கும் இடத்தில்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

ஆண்டறிக்கையின் அறுபத்தோராம் பக்கத்தில் கிடைத்தன. ஆலை வெளியேற்றும் தண்ணீரின் பரிசோதனை முடிவுகள், இரண்டு வருடத்துக்கு, மாதம் ஒரு வரி. ஈயம் என்ற கட்டத்தில் இருபத்துநான்கு மாதமும் 'கண்டறியப்படவில்லை' என்றே இருந்தது. அப்பாடா என்று படிவத்தை இழுத்து, பேனாவைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் பக்கத்துக் கட்டத்தில் கண் போனது. சல்பேட் முப்பத்தொன்று. கந்தக அமிலத்திலேயே குளிக்கிற ஆலை அது. அங்கே சல்பேட் நூற்றுக்கணக்கில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதற்கும் அடுத்த கட்டத்தில் குளோரின், பூஜ்யம் புள்ளி இரண்டு. கிருமி சாகட்டும் என்று குடிநீரில் கலக்கிற குளோரின், வீட்டுக் குழாயில் இவ்வளவுதான் வரும். ஆலைக் கழிவுநீரில் அதற்கு என்ன வேலை?

அந்த எண்கள் அவளுக்குத் தெரிந்த முகங்களாக இருந்தன. எங்கே பார்த்தோம் என்று யோசிக்கும்போதே பிடிபட்டது. இது நல்ல பிள்ளை!

அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கு வரும் பாட்டில்களில் அனுப்பியவர் பெயர் இருக்காது. முன்னறையில் பெயரை எடுத்துவிட்டு ஓர் எண்ணை ஒட்டி உள்ளே அனுப்புவார்கள். சோதிக்கிறவர்கள் யார் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. முடிவுத்தாளில் இவள் கையெழுத்துப் போட்ட பிறகு, நிறுவனத்தின் பெயர் போட்ட முதல் பக்கத்தை முன்னறையில் சேர்த்துத் தைத்துக் கொடுப்பார்கள். அதை இவள் பார்த்ததே இல்லை. ஆனால் மாதாமாதம் கழுத்தில் நீலக் கயிறு கட்டிக்கொண்டு வரும் ஒரு பாட்டில் உண்டு. கலங்கல் கிடையாது, வாடை கிடையாது, எதைப் பார்த்தாலும் சுத்தம். அழுக்கும் நாற்றமுமாக வரும் முப்பது பாட்டில்களுக்கு நடுவே அது ஒன்றுதான் தொல்லை கொடுக்காது. அதனால் அதற்கு நல்ல பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தவளே இவள்தான்.

அடுத்த பக்கத்தைத் திறந்தாள். சான்றுக்காக ஒரு முடிவுத்தாளின் அடிப்பகுதியை மட்டும் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். நீண்டு சரிந்த கோடு, கடைசியில் பேனாவை அழுத்தி வைத்த ஒரு புள்ளி. சொட்டு விழுந்த மாதிரி இருக்கும் அந்தப் புள்ளியை உலகத்தில் வேறு யாரும் வைப்பதில்லை. ஒரு கம்பெனியின் யோக்கியதையைத் தோண்டப்போய், அடியில் தன் கையெழுத்தையே கண்டெடுத்தாள். கணினியை அணைத்த பிறகும் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம். ஒருவேளை ஆலையில் அவ்வளவு அருமையான சுத்திகரிப்பு இருக்கலாம், ஒருவேளை குழாய்த் தண்ணீரைக் கலந்து வெளியே விடுவார்களாக இருக்கலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அவளே அந்தச் சமாதானத்துக்குச் சரி போட மாட்டாள்; பாட்டிலில் மாதாமாதம் வந்தது வெறும் குழாய்த் தண்ணீரேதான்.

ஞாயிற்றுக்கிழமை அவன்தான் கிளப்பினான். "வா, குடியிருப்பை வெளியிலேர்ந்தாவது பாத்துட்டு வருவோம். வாசல் எந்தப் பக்கம்னு தெரிய வேண்டாமா?" மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் போனார்கள். ஒரு காலி பாட்டிலை அவள் பைக்குள் போட்டுக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை.

ஆலையின் மதில் தெரு நீளத்துக்கு ஓடியது. மதிலை ஒட்டி வெளியே நீல வண்ணம் அடித்த பெரிய தொட்டி, அதில் நான்கு குழாய். மதிலுக்குள்ளிருந்து வந்த இரும்புக் குழாய் அந்தத் தொட்டிக்குள் இறங்கியது. எதிரே சின்னச் சின்ன வீடுகள். குடங்களும் வாளிகளும் வரிசையில் நிற்க, ஜனங்கள் பேசிச் சிரித்துக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள்.

"பாத்தியா, எவ்வளவு நல்ல கம்பெனி! சுத்தம் பண்ணின தண்ணிய ஊருக்கே குடுக்குறான்" என்றபடி கணவன் ஸ்கூட்டரை நிறுத்தினான். வெயிலில் வந்த தாகம். குழாயைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்தி மடக் மடக்கென்று குடித்துவிட்டான்.

"என்னங்க! அது குடிக்கிற தண்ணி இல்லைங்க!"

"யார் சொன்னா? போர்டுலயே போட்டிருக்கே." வாயைத் துடைத்துக்கொண்டு மேலே காட்டினான். "அதுவும் பரிசோதனை பண்ணிக் கையெழுத்து போட்டிருக்காங்க. எழுதிக் குடுத்தவங்க குடிச்சுப் பாக்காமலா குடுத்திருப்பாங்க? ஒரு லிஃப்ட் சரியாயிடுச்சுன்னு எழுதினா, அதுல முதல்ல நான்தானே ஏறுறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முடிவுத்தாள் ஒன்றை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கித் தகரத்தில் அச்சடித்து நிறுத்தியிருந்தார்கள். எண்களைப் பொடியாக்கிவிட்டு ஒரே ஒரு கட்டத்தை மட்டும் எல்லாரும் படிக்கிற அளவில் போட்டிருந்தார்கள். 'குறிப்புரை: குடிக்கலாம்.' அதன் கீழே நீண்டு சரிந்த கோடும் அந்தப் புள்ளியும்.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு பிற்பகல் அப்படியே கண் முன்னால் வந்தது. அன்று வந்த பாட்டில்கள் எல்லாம் படுத்தி எடுத்துவிட்டன. கடைசியாக நல்ல பிள்ளை. சோதித்து முடித்து, குறிப்பேட்டில் குறிப்புரைக் கட்டத்துக்கு வந்தாள். அங்கே 'தரத்துக்கு உட்பட்டது', 'தரத்துக்கு உட்படவில்லை' என்ற இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும்; மூன்றாவது எதையும் எழுதக் கூடாது என்பது சட்டம். குறிப்பேட்டைப் பார்த்து முடிவுத்தாள் அடிக்கும் டைப்பிஸ்ட் அக்கா படித்துச் சிரிக்கட்டும் என்று 'குடிக்கலாம்' என்று கிறுக்கி வைத்தாள். அக்கா அன்றைக்கு ஊரில் இல்லை. மாற்று ஆளாக வந்தவள் சிரிக்கவில்லை; இருந்ததை இருந்தபடி அடித்துவிட்டாள். முப்பது தாளில் ஒன்றாக அதுவும் மேசைக்கு வந்தது. ஒரு சொட்டுக்காகக் குடுவையைக் கொட்டுகிற மகராசி, படித்துப் பார்க்காமல் முப்பதிலும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினாள்.

"நீங்க இதைத்தான் குடிக்கிறீங்களா?" என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

இடுப்பில் குழந்தையோடு நின்ற அந்தப் பெண் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவள். "முன்னல்லாம் துணி துவைக்கத்தான் பிடிப்போம். போர்டு வச்சதுலேர்ந்து எல்லாத்துக்கும் இதான். எங்க குழாய்ல எப்பவாவதுதான் தண்ணி வருது, இது நாள் பூரா வருதே."

குழந்தைக்கு இரண்டு வயதுக்கு மேல் இருக்கும். சத்தமில்லாமல் அம்மா தோளில் சாய்ந்திருந்தது. "பேசுவானா?" என்று சொட்டு கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

"இன்னும் வாய் திறக்கல. பசங்க லேட்டாத்தான் பேசும்னு சொல்றாங்க." அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குடத்தை நகர்த்தினாள்.

சொட்டு தன் பாட்டிலை நிரப்பினாள். மூடியை இறுகத் திருகிப் பைக்குள் போட்டாள். வாசலில் இருந்த காவலாளி எழுந்து வந்தான். "மேடம், நீங்க செவ்வாய்க்கிழமை வரப்போறவங்கதானே? போட்டோ காட்டினாங்க. சார்கிட்ட சொல்லட்டுமா?" வேண்டாம், வேண்டாம் என்று ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள். வீடு வரை கணவனின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு கை தண்ணீரால் ஒன்றும் ஆகிவிடாது என்று படித்த மூளை சொல்லியது. பயம் படித்ததில்லை, அது கேட்கவில்லை.

திங்கட்கிழமை மற்ற பாட்டில்களை ஒதுக்கிவிட்டு அதை எடுத்தாள். பார்வைக்குக் கண்ணாடி போன்ற தண்ணீர். சல்பேட் எண்ணூற்றுப் பத்து. குளோரின் இல்லவே இல்லை. ஈயம் பார்க்கும் கருவியில் வைத்தாள். குடிநீரில் இருக்கலாம் என்ற அளவைப் போல நாற்பத்தாறு மடங்கு. கருவியில் கோளாறாக இருக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள். துடைத்துக் கழுவி மறுபடி வைத்தாள். மூன்று தடவையும் நாற்பத்தாறு மடங்குதான். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது. பெரியவர்களைக் காட்டிலும் பிள்ளைகளின் உடம்பில் போய் நன்றாக உட்காரும், மூளை வரைக்கும் போகும். இதெல்லாம் அவள் பரீட்சைக்குப் படித்தது. பத்து மதிப்பெண் கேள்வி.

ஆய்வுக்கூட முதலாளி முடிவைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பாட்டில்ல என்ன இருக்கோ அதைத்தான் நாம சோதிக்கிறோம். அவன் எந்தக் குழாய்ல பிடிச்சு அனுப்பினான்னு பாக்குறது நம்ம வேலை இல்ல. அதுல நமக்குப் பிரச்சனையே கிடையாது. ஆனா அந்தக் கட்டத்துல மூணாவதா ஒரு வார்த்தை எழுதினது யாரு?"

அவள் முடிவுத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உரிமம் உன் பேர்ல இருக்கும்மா. இது வெளியே வந்தா இனிமே எந்த ஆய்வுக்கூடத்துலயும் நீ பாட்டிலைத் தொட முடியாது. கேஸ் வேற. நான் சொல்றதைக் கேளு, நாளைக்குப் போய் வேலையை வாங்கிக்கோ. உள்ள இருந்துக்கிட்டு மெதுவாச் சரி பண்ணலாம்."

அரசு அலுவலகத்துக்கும் போன் செய்து பார்த்தாள். தொட்டித் தண்ணீர் என்றதும், எழுத்துமூலம் புகார் கொடுங்கள், முப்பது நாளில் ஆள் வரும் என்றார்கள். அதுவரை என்று இழுத்தாள். "அதுவரைக்கும், உரிமம் உள்ள ஆய்வாளர் சான்று குடுத்திருக்காரே அம்மா, அதுதான் செல்லும்."

மத்தியானம் தேன்குரல் வந்தது.

"ஞாயித்துக்கிழமை நம்ம தொட்டிப் பக்கம் வந்தீங்களாமே மேடம். பாட்டில்ல வேற பிடிச்சுட்டுப் போனீங்களாம். அக்கறை! அதுவும் எங்க விழுமியத்துல ஒண்ணு." கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. நாங்க சோதனைக்கு அனுப்பினோம். குடிக்கலாம்னு நீங்க சொன்னீங்க. நீங்க சொன்னதை நாங்க எழுதி வச்சோம். நாளைக்கு உள்ள வந்துட்டீங்கன்னா நாம எல்லாரும் ஒரே குடும்பம். அவ்வளவுதான்."

போனை வைத்தாள். எதற்காகத் தன் விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது இப்போது புரிந்தது. வேலைக்கு ஆள் எடுக்கவில்லை. வெளியே சுற்றும் ஒரு கையெழுத்தைக் கூட்டுக்குள் போட்டுப் பூட்டப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அழவில்லை, அழக்கூடத் தைரியம் வேண்டியிருந்தது. அவன் ஒரு தடவை தொண்டையைத் தடவிக்கொண்டான்.

"அந்த நல்ல பிள்ளை பாட்டில் தண்ணிய நீ எப்பவாவது குடிச்சுப் பாத்திருக்கியா?"

"இல்லைங்க."

"ம்" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை நேர்காணலுக்கென்று எடுத்து வைத்த புடவையைத்தான் கட்டினாள். பையில் படிவம் இருந்தது, மற்றதெல்லாம் நிரப்பி, விழுமியக் கேள்விக்கு மட்டும் ஐந்து வரியும் வெறுமையாக. என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்கே நிச்சயமில்லை. முதலாளி சொன்னது நியாயமாகத்தான் பட்டது. உள்ளே போய்விடலாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்யலாம், மகள் பள்ளிவிட்டு வரும்போது வாசலில் நிற்கலாம். கணவன் தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தினான். ஆலை வாசலுக்கு இன்னும் நூறு அடி. தொட்டி நடுவில் இருந்தது.

குடங்கள் நின்றன. இஸ்திரிக்காரி குழாயடியில் குனிந்து, குழந்தையின் சின்ன பாட்டிலைக் கழுவி அதில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் குடுக்காதீங்க." சொல்லிவிட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்று சொட்டுக்குத் தெரிந்தது. "யாருமே குடிக்காதீங்க. அதுல ஈயம் இருக்கு. நான் சோதிச்சுப் பாத்துட்டேன்."

எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் சிரித்தார். "தண்ணி லாரிக்காரன் அனுப்பின ஆளா நீங்க? போன மாசமும் ஒருத்தன் வந்து இப்படித்தான் பூச்சாண்டி காட்டினான்."

"இல்லைங்க, சத்தியமாச் சொல்றேன்."

"போர்டைப் படிங்க முதல்ல" என்றாள் ஒரு கிழவி. "எவ்வளவு படிச்சவங்க, சோதனை பண்ணிக் கையெழுத்து போட்டிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

காவலாளி போனை எடுத்துவிட்டான். சிறிய கதவு திறந்து மேலாளர் வேகமாக வந்தார். நேரில் பார்க்க ஒல்லியான, சாதுவான மனிதர். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவளருகில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "உள்ள வாங்க மேடம். உங்க பேர் அந்தப் போர்டுல இல்ல, கையெழுத்து மட்டும்தான் இருக்கு. அது யாருன்னு இவங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு இல்ல?"

கதவு திறந்திருந்தது. உள்ளே வரிசையாக வெள்ளை வீடுகள் தெரிந்தன. அவள் பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். எழுத மேசை இல்லை. தொட்டியின் ஈர விளிம்பில் வைத்து, கீழே இருந்த கோட்டில் கையெழுத்துப் போட்டாள். நீண்டு சரிந்த கோடு நடுங்கி நெளிந்தது. கடைசிப் புள்ளியை மட்டும் அழுத்தி வைத்தாள்.

"அது நான் போட்ட கையெழுத்து. குடிக்கலாம்னு எழுதினது நான்தான். விளையாட்டா எழுதினேன். பாருங்க."

இஸ்திரிக்காரிதான் வந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கி, தகரத்துக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தாள். படிக்கத் தெரியுமோ தெரியாதோ, அவள் விரல் தாளில் இருந்த கோட்டின் மேல் ஒரு தடவை போனது, தகரத்தில் இருந்த கோட்டின் மேல் ஒரு தடவை போனது. இரண்டிலும் புள்ளியில் வந்து நின்றது.

மேலாளர் ஏதோ சொன்னார். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தெருமுனையிலிருந்து கணவன் ஓடி வந்துகொண்டிருந்தான். யாரோ ஒருவர் குழாயை மூடினார்.

தன்னை அடிப்பார்கள் என்று சொட்டு காத்திருந்தாள். இஸ்திரிக்காரி அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. படிவத்தை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். குழாயடிக் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்த குழந்தையின் பாட்டிலை எடுத்தாள். டாக்டரம்மாவிடம் கேட்கிற மாதிரி, மரியாதையாகக் கேட்டாள்:

"அப்ப இதைக் கொட்டிடட்டுங்களா? ஒன்றரை வருஷமாக் குடிச்சதை என்னங்க பண்றது?"